எட்ட நிற்பதா, கிட்ட நிற்பதா?

காமிரா வாங்கியதோடு செலவு முடிந்தது என்று எண்ணுகிறவர், ஒளிப்படக் கலையின் வாசற்படியை இன்னும் மிதிக்காதவர். காமிராவின் உடல் ஒன்று, கண் வேறு. லென்ஸ் எனப்படும் அந்தக் கண்ணைக் கழற்றி மாற்றலாம் என்பதே இக்கருவியின் சிறப்பு. பணப்பைக்கு வரும் சோதனையும் அதுவே. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நடுத்தரக் குடும்பத்து இளைஞர் பலர், கைப்பேசியில் படமெடுத்துப் பழகி, பின்னர்ச் சேமிப்பில் ஒரு காமிரா வாங்குகின்றனர். சில மாதங்களுக்குள் அவர்கள்முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: கையிலிருப்பதோ கொஞ்சம், அடுத்து எந்த லென்ஸை வாங்குவது? இதற்குக் கடைக்காரர் விடை சொன்னால் போதும் என்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் சற்று உற்றுநோக்கின், கடைக்காரரால் விடை சொல்ல இயலாத பகுதியும் இக்கேள்வியில் உண்டென்பது விளங்கும்.

சாந்தோம் பேராலயத்தை ஒட்டிய தெருவொன்றில் வாழும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். வார நாள்களில் கல்லூரி. விடுமுறை நாள்களில் திருமுழுக்கும் திருமணமும் படமெடுத்துக் கொடுத்து வீட்டுக்குத் துணை நிற்கிறார். கையிருப்பு இருபதாயிரம் ரூபாய். தங்கையின் கல்லூரிக் கட்டணம் டிசம்பரில் கட்டியாக வேண்டும். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் அவரிடம் உள்ளது. ஆலயத்தின் மங்கிய ஒளியில் அது தடுமாறுகிறது; மணமகள் தலை திருப்பினால் முகம் கலங்கிப் போகிறது.

இதன் காரணம் எளிய கணக்கு. லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதை எஃப் எண்ணால் குறிப்பர். எண் சிறுத்தால் வாய் பெருக்கும். மேற்சொன்ன ஜூம் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் எஃப் 5.6க்கு மேல் திறவாது. 50 மி.மீ. என்னும் ஒரே அளவில் நிற்கும் சிறு லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். உள்ளே வரும் ஒளியில் இவ்விரண்டுக்கும் ஏறத்தாழப் பத்து மடங்கு வேறுபாடு. முன்னதில் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய காட்சி, பின்னதில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் பதிந்துவிடும். கையின் நடுக்கமும் தலையின் அசைவும் அந்நேரத்திற்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

வியப்பு என்னவெனில், இவ்வளவு ஒளியை உள்ளே விடும் அந்த லென்ஸே லென்ஸ்களுள் மிக மலிவான வகையைச் சேர்ந்தது. அதன் அமைப்பு பழையது. ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பவுல் ருடால்ஃப் 1896இல் வகுத்த 'பிளானர்' என்னும் ஆறு கண்ணாடி அமைப்பே அதன் முன்னோர். அந்நாளில் அது பெரிதும் பயன்படவில்லை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஒளி திரும்பி ஓடிவிடும். பிளானரில் அத்தகைய பரப்புகள் எட்டு. ஆக, மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகிப் படமும் வெளிறிப் போனது. 1935இல் அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடிமீது மெல்லிய பூச்சிட்டு இக்குறையைத் தீர்க்கும் வழியைக் கண்டார். நாற்பதாண்டு காத்திருந்த அமைப்பு அதன்பின் உலகெங்கும் பரவி, இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழையது ஆதலால் மலிவு. மலிவு ஆதலால் தாழ்ந்தது என்று கொள்ளவேண்டியதில்லை.

இனி, ஆசை காட்டும் மறுபக்கத்தைப் பார்ப்போம். 70-200 மி.மீ., எஃப் 2.8 என்னும் பெரிய ஜூம் லென்ஸில் ஏறத்தாழ இருபது கண்ணாடிகள். எடை ஒன்றரைக் கிலோ வரை. புதிதாக வாங்க ஒரு லட்சம் ரூபாய் போதாது. நின்ற இடத்தில் நின்றே பீடத்தருகே மோதிரம் மாற்றும் விரல்களை அது அள்ளிக்கொண்டு வரும். தொழிலுக்கு அது வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. வறுமையில் எடுத்த படமே உயர்ந்த படம் என்னும் பேச்சு, பெரும்பாலும் வறுமை அறியாதவர்கள் பேசுவது. பணமுள்ளவர் எல்லா லென்ஸையும் வாங்கிவிட்டு எதைப் பார்ப்பது என்னும் முடிவைத் தள்ளிப்போடலாம். அதற்கு வழியில்லாதவரோ கடைக்குப் போகுமுன்பே அம்முடிவைச் செய்தாக வேண்டும்.

எதைப் பார்ப்பது என்பதோடு, எவ்வளவு தொலைவில் நின்று பார்ப்பது என்பதும் சேர்ந்தே வருகிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் திருவுலாவின்போது, மயிலையின் நான்கு மாட வீதிகளிலும் காமிரா ஏந்தியோர் கூட்டத்தைக் காணலாம். அவர்களுள் சிலர் மாடியில் நின்று நீண்ட டெலிபோட்டோ லென்ஸால் கீழே நீர்மோர் வாங்கும் முதியவளின் முகத்தைப் பிடிக்கின்றனர். அம்முதியவளுக்கு அது தெரியாது. நொச்சிக்குப்பத்துக் கரையில் வலை செப்பனிடுகிறவரும் மீன் விற்கிறவரும் இவ்வாறே தம்மை அறியாமல் யாருடைய சுவரிலோ தொங்குகின்றனர். 50 மி.மீ. லென்ஸ் உடையவரால் இது இயலாது. முகம் வேண்டுமெனில் நாலைந்து அடி தொலைவுக்கு அவர் வந்தாக வேண்டும். வந்தால் அந்த அம்மாள் அவரைப் பார்ப்பார், "என்னத்துக்குப்பா படம் எடுக்கிறே?" என்று கேட்கவும் கூடும். அக்கேள்விக்கு விடை சொல்ல நேர்வதை ஓர் இடையூறாக நாம் கருதவில்லை. படம் யாருடையது என்பது அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தியவர். 1950 ஏப்ரல் 14 அன்று இரமணர் மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ஆயினும் அவரை ஏழைகளின் முன்மாதிரி ஆக்கிவிட வேண்டாம். அவர் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்த லைக்காவும் எளியோர் வாங்கும் கருவி அன்று. மேலும், மினுங்கும் காமிராவைப் பிறர் கவனியாதிருக்க அதன்மீது கறுப்பு நாடா ஒட்டியவரும் அவரே. கிட்ட வருகிறவரெல்லாம் கேட்டுவிட்டு எடுப்பவர் அல்லர். கிட்ட வருதல் கேட்பதற்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது, அவ்வளவே. (அவரது காமிராவில் 50 மி.மீ. காட்டிய அகலத்தைச் சிறிய சென்சார் உள்ள இன்றைய காமிராவில் பெற 35 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். அவற்றில் 50 மி.மீ. சற்றுக் குறுகிப் பார்க்கும். சிறிய வீட்டுக்குள் குடும்பப் படம் எடுப்பவர் முதுகு சுவரில் முட்டும்.)

ஆனால் மயிலையிலிருந்து தெற்கே சென்று அடையாற்றுக் கழிமுகத்தில் நின்றால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே சேற்றில் இரைதேடும் நாரைக்கும் உள்ளானுக்கும் நாம் கிட்ட வருவதே தொல்லை. சிறிய லென்ஸோடு அடிமேல் அடிவைத்து நெருங்குகிறவர் பறவையின் உணவு வேளையைப் பறிக்கிறார். கூட்டை நெருங்குகிறவர் குஞ்சுகளையே ஆபத்தில் தள்ளுகிறார். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலும் இதே நிலைதான். மனிதரிடம் ஒளிந்து பார்க்க உதவிய அதே நீண்ட லென்ஸ், பறவையிடம் மரியாதையாக மாறுகிறது. 400 மி.மீ. லென்ஸ் வாங்க வசதியில்லாதவர் பறவைப் படத்தை விட்டுவிட்டு இருகண் நோக்கியால் பார்த்து மகிழ்வதே முறை என்பது நம் கருத்து. கசப்பான கருத்துதான்.

சிக்கனம் என்பது எப்போதும் நன்மையா? இம்மாநிலத்திலேயே ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. சென்னை ராஜதானியின் அரசு ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி. மெழுகிட்ட காகித நெகட்டிவ்களையும் பெரிய காமிராவையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர் திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை எனச் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அக்கல்வெட்டுகளை ஹூல்ஷ் நூலாகப் பதிப்பிக்கத் தொடங்கிய 1891க்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்ட பணி அது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் கணக்கைப் பார்த்தார். நிதி நெருக்கடியில் இது அரசுக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதினார், பணி நிறுத்தப்பட்டது. மறு ஆண்டில் அந்த அலுவலகமே கலைக்கப்பட்டது.

டிரெவெலியனைக் குறைகூறுவது எளிது. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் அவர் ஆற்றிய பங்கை அறிந்தோர்க்கு இன்னும் எளிது. ஆனால் 1857க்குப் பிந்திய கருவூலம் மெய்யாகவே வறண்டிருந்தது. செலவு எவ்வளவு என்பது அவர்முன் ஏட்டில் இருந்தது; எடுக்கப்படாமற்போன படங்கள் எந்த ஏட்டிலும் இல்லை. சிக்கனம் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். நம் வீடுகளிலும் அப்படியே: கட்டணச் சீட்டு கையில் இருக்கிறது, வளரக்கூடிய ஒரு திறமைக்குச் சீட்டு இல்லை. அதற்காகக் கட்டணத்தைத் தள்ளிப்போடு என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிவைத்துப் பார் என்று மட்டுமே சொல்லலாம்.

நம் இளைஞருக்கு வழி இல்லாமல் இல்லை. பழைய லென்ஸ் பாதி விலைக்கும் கிடைக்கும். ஆனால் சென்னையின் கடற்காற்றில் ஈரம் மிகுதி; கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருக்கும். வாங்குமுன் ஒருபுறம் டார்ச் விளக்கைப் பிடித்து மறுபுறம் நோக்கினால் சிலந்தி நூல்போல் அது தெரியும். தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். வாங்கிய லென்ஸைத் தோலுறையில் பூட்டிவைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நலம். பெரிய ஜூம் லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் திரைப்படத் துறையினரே காமிராவையும் லென்ஸையும் நாள்வாடகைக்குத்தான் எடுக்கின்றனர். அதில் அவர்களுக்குக் கௌரவக் குறைவு ஏதுமில்லை. வாடகையைத் திருமண வீட்டாரிடம் முன்னமே சொல்லிக் கூலியில் சேர்க்கவும் அவர் கூசவேண்டியதில்லை. மாதத் தவணைக்கு லட்ச ரூபாய் லென்ஸைத் தலையில் கட்டும் விளம்பரத்துக்கு மட்டும் அவர் செவிசாய்க்க வேண்டாம். திருமணங்கள் வராத மாதத்திலும் தவணை வரும்.

திருவருகைக் காலத்தில் எப்படியும் திருமணங்கள் குறைவு. டிசம்பரில் தங்கையின் கட்டணம் கட்டப்படட்டும். தை மாதத்துத் திருமணங்களுக்கு முன்பாக 50 மி.மீ. லென்ஸ் வரட்டும். அதுவரை மணமக்களைப் பேராலயத்தின் வாசற்புறத்து வெளிச்சத்திற்கு அழைத்து வந்து நிறுத்திப் படமெடுக்க அவருக்குத் தெரியும்.