அழுகலும் சாயமும்

மழை விட்ட மறுநாள் கிரியான் ஆற்றோரம் போய்ப் பாருங்கள். இந்தக் கரையில் நம் பண்டார் பாரு, எதிர்க்கரையில் பாரிட் புந்தார். கெடாவும் பினாங்கும் பேராக்கும் ஒட்டி நிற்கும் இந்த இடத்தில், எந்த மாநிலத்துக் காட்டில் நின்ற மரம் என்று சொல்ல முடியாத கட்டைகள் கரையொதுங்கிக் கிடக்கும். வேரும் முண்டுமாக, பட்டை பாதி உரிந்து. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர் அதைக் கண்டதும் நின்றுவிடுவார். இதைத் தொட்டியில் வைத்தால் எப்படி இருக்கும் என்று மனம் ஒரு கணத்தில் ஓவியம் தீட்டிவிடும். ஆசை அப்படித்தான் தொடங்குகிறது. தொடங்கட்டும். ஆசையைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதைக் கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொல்வோம், அவ்வளவுதான்.

முதலில் கட்டையை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் உள்ளே இறங்கினால் அது மக்கிப்போன மரம், ஆற்றங்கரையிலேயே இருக்கட்டும். நகம் வழுக்கினால் வைரம் பாய்ந்த மரம். பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால், எவ்வளவு அழகான வளைவு என்றாலும் விட்டுவிட வேண்டும். பிசின் வடியும் மரம் ஆகாது. பால்மரமும், அதாவது ரப்பர் மரமும், ஆகாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும். மேசை நாற்காலிக்குப் போகும் பால்மரப் பலகையில் போராக்ஸ் போன்ற மருந்தை ஏற்றுவது அதனால்தான். அந்த மருந்து மீனுக்கு நஞ்சு. உடைந்த நாற்காலிக் காலைத் தொட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

எடுத்து வந்த கட்டையில் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் முழுக்க உரித்துவிட வேண்டும். தண்ணீருக்குள் முதலில் அழுகுவது பட்டைதான். கெட்டியான பிரஷ்ஷால் மண்ணும் பாசியும் போகத் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம், மரம் அதைக் குடித்து வைத்திருந்து, நாம் மறந்த பிறகு தொட்டியில் விடும். நிபோங் திபால் பக்கம், ஆறு கடலை நெருங்கும் இடத்தில் எடுத்த கட்டை என்றால் உப்பும் ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் நெடுநாள் கிடந்தால்தான் அது இறங்கும். அப்புறம் பெரிய அண்டாவில் போட்டு ஓரிரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பூச்சியும் பூஞ்சையும் சாகும். மரத்தின் நுண்துளைகளில் தங்கியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறும், அந்த இடத்தில் தண்ணீர் புகும். பிறகு ஊறப்போடுவது, வடிப்பது, மறுபடி நிரப்புவது, மறுபடி வடிப்பது.

இங்கேதான் மனம் சலிக்கிறது. ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் தண்ணீர் பால் சேர்க்காத தே ஓ நிறத்தில் வருகிறது. ஒரு வாரம் போகிறது. இன்னும் நிறம் வருகிறது. இரண்டு வாரம் போகிறது, இன்னும் வருகிறது. எவ்வளவு கழுவியும் அழுக்குப் போகவில்லையே என்று ஆயாசம் வருகிறது.

அது அழுக்கு இல்லை. மரம் உயிரோடு நின்ற காலத்தில் பூச்சிக்கும் நோய்க்கும் எதிராகத் தன்னுள் சேர்த்துவைத்த துவர்ப்பு அது, டானின். கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிறதே தவிர, மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை. பாரிட் புந்தாரிலிருந்து அதிக தூரமில்லாத புக்கிட் மேரா ஏரியை நினைத்துப் பாருங்கள். கிரியான் வயல்களுக்காக 1906-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், தங்க அரோவானா மீனுக்குப் பெயர் பெற்றது. அரோவானாவும் நம் வயல் வாய்க்காலில் கிடக்கும் சண்டை மீனும் இலையும் வேரும் ஊறிய நீரில் வாழும் இனங்கள். மீன் வளர்ப்பவர்கள் கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலையைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் போடுவதும் இந்தச் சாயத்துக்காகவே. கண்ணாடி போன்ற தண்ணீர் வேண்டும் என்று கேட்பது மீன் அல்ல, நாம்.

அழுகல் வேறு, சாயம் வேறு. அழுகலைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். சாயத்தைச் சுரண்ட முடியாது. சுரண்டினால் மரம்தான் தேயும். அது தானாக, தன் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நம் மனத்திலும் இந்த இரண்டும் உண்டு. அதோடு அமரும் நேரத்தில் நாம் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்புகிறோம். பொறாமை அழுகல். ஆறாத கோபம் அழுகல். அங்கே தேய்க்கத்தான் வேண்டும். ஆனால் நினைவு? பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது தோட்ட லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! தாமானில் கல்வீடு கட்டிக் குடியேறிய பிறகும், அதிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் சத்தமும் ஒட்டுப்பாலின் வாடையும் சில பெரியவர்களின் பேச்சில் ஊறி வந்துகொண்டே இருக்கும். “எல்லாத்தையும் மறந்துட்டு நிம்மதியா இருங்கப்பா” என்று பிள்ளைகள் சொல்வார்கள். மறக்க வேண்டியதில்லை. அந்த நிறத்தோடேயே நிம்மதி இருக்கிறது. அமைதி என்றால் நிறமே இல்லாத மனம் என்று நாம் வைத்திருக்கும் எண்ணத்தை மட்டும் மெல்லக் கீழே வைத்தால் போதும்.

கட்டைக்குத் திரும்புவோம். அதைத் தொட்டியில் இறக்கிய சில நாளில் அதன்மேல் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு படலம் படரும். பலர் பயந்துபோய்க் கட்டையை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மரத்தில் மிஞ்சிய சர்க்கரையைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. சில வாரத்தில் உணவு தீர்ந்து தானே மறையும். இறால் இருந்தால் அதற்கு முன்பே தின்று தீர்த்துவிடும்.

கட்டை மிதந்தால் கல்லோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். நீர் ஊறியதும் அடங்கும். மேல்நாட்டு மீன் கடைகளில் ‘மலேசிய டிரிஃப்ட்வுட்’ என்ற பெயரிலேயே ஒரு வகைக் கட்டை விற்கிறது. தானாக மூழ்கும் அதன் கனத்துக்காகத்தான் அந்த மதிப்பு. நம் ஆற்றங்கரையில் கிடைப்பதெல்லாம் அந்த வகை இல்லை, எனவே பொறுத்திருங்கள்.

நிறம் கண்ணை உறுத்தினால் வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போடலாம், தவறில்லை. ஆனால் தெளிவு வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே நாளில் தொட்டி முழுவதையும் வடித்து மாற்றிவிடாதீர்கள். ஒரு தடவைக்குக் கால் பங்கு போதும். குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள்.