வராத அலைக்கு யார் கூலி?

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியம் 2 மணி 8 நிமிடத்துக்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம். சென்னையில் அலுவலகங்களில் நாற்காலிகள் ஆட, ஆட்கள் படியிறங்கி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையத்திலிருந்து சில நிமிடங்களில் சுனாமி எச்சரிக்கை வந்தது. மெரினாவில் போலீஸார் மைக் பிடித்து மக்களை வெளியேற்றினார்கள். சென்னைத் துறைமுகத்தில் வேலை நின்றது. தமிழகக் கடற்கரை முழுக்க, ஏழு வருடத்துக்கு முன் பார்த்ததை மறக்காத ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்பக்கமாக ஓடினார்கள்.

அலை வரவில்லை. நம் கரையில் கருவிகள் மட்டும் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கடல் கொஞ்சம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்த மாதிரி ஒரு நாளுக்கு மறுநாள் என்ன பேச்சு வரும் என்று நமக்குத் தெரியும். "சும்மா பீதியக் கிளப்பி விட்டானுங்க." அடுத்த தடவை மைக் கத்தும்போது பாதிப் பேர் திண்ணையை விட்டு எழ மாட்டார்கள். அப்படி எழாமல் போனவரை அலை அடித்துவிட்டால் தயாராக ஒரு தீர்ப்பு இருக்கிறது: "சொல்லியும் கேக்கல."

எனக்கு இந்தத் தீர்ப்பின் மேல்தான் சந்தேகம்.

முதலில் எச்சரித்தவர் பக்கம் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு நடந்தது தட்டுகள் மேலும் கீழுமாக நகர்ந்த நிலநடுக்கம். ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகும் இடத்தில் கடல்தரை மேலே எகிறியது, தலைக்கு மேலிருந்த தண்ணீரும் சேர்ந்து எழும்பியது. 2012இல் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. தரை பெரிதாக எழும்பவில்லை, அதனால் தண்ணீரும் எழும்பவில்லை. இந்த வித்தியாசம் முதல் சில நிமிடங்களில் உறுதியாகத் தெரியாது. நிலநடுக்கத்தின் அளவும் இடமும் சீக்கிரம் கிடைக்கும். அலை கிளம்பியதா என்பதை ஆழ்கடல் அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும்தான் சொல்ல வேண்டும். அலை அவற்றைத் தொட்ட பிறகுதான் அவற்றால் சொல்ல முடியும். ஆழ்கடலில் சுனாமி ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தில் போகும். சுமத்ராவிலிருந்து நம் கரைக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். அதில் எவ்வளவு நேரத்தை உறுதிப்படுத்தச் செலவழிக்கிறோமோ, அவ்வளவு நேரத்தை ஓடுகிறவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

2004இல் அந்த இரண்டு மணி நேரமும் நம்மிடம் இருந்தது. நம் கரையை எழுப்ப ஒரு ஏற்பாடுதான் இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் செத்தார்கள், அதில் ஆறாயிரத்துக்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். அதற்குப் பிறகுதான் 2007 அக்டோபரில் ஹைதராபாத் எச்சரிக்கை மையம் வந்தது. 2012இல் அந்த மையம் கையில் இருந்த தகவலை வைத்து எச்சரித்தது சரி. அலை வராததால் அது தப்பாகிவிடாது.

இதற்கு நேர் எதிரான ஒரு நாளும் உண்டு. சுனாமி நடந்து நாலே நாளில், 2004 டிசம்பர் 30 அன்று, இன்னொரு சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அதற்கு ஆதாரம், நிலநடுக்கங்களை முன்கூட்டியே கணிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனம். பிணங்களை இன்னும் எடுத்து முடிக்காத கரையிலிருந்து மக்கள் மறுபடி ஓடினார்கள். நிவாரண வேலை நின்றது. அன்றைக்கே அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அதை அபத்தம் என்று சொல்லி மறுத்தார். அன்றைக்குத் தற்செயலாக ஒரு அலை வந்திருந்தால்கூட அந்த எச்சரிக்கை சரியாகியிருக்காது. கிளி ஜோசியம் பலித்த கணக்குதான்.

ஆக, எச்சரிக்கையின் நேர்மையை விளைவை வைத்து அளக்க முடியாது. சொன்ன நேரத்தில் சொன்னவர் கையில் என்ன ஆதாரம் இருந்தது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். மெரினாவைக் காலி செய்ததும் டிசம்பர் 30 அன்று கரையை விரட்டியதும் "ஒண்ணும் வரல" என்ற ஒரே வாக்கியத்தில் முடிகின்றன. ஆனால் முதலாவது கடமை, இரண்டாவது பொறுப்பின்மை.

இதுவரை பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். சிக்கல் இதற்குப் பிறகுதான்.

நான் செய்வது சாஃப்ட்வேர் வேலை. சர்வர் விழுவதற்கு முன் அலாரம் அடிக்க வேண்டும். எந்த அளவில் அடிக்க வேண்டும் என்று ஒரு எண்ணை நாங்களே வைக்கிறோம். அதைக் குறைத்தால் ராத்திரி மூன்று மணிக்கு ஒன்றுமில்லாததற்கெல்லாம் போன் கத்தும். ஏற்றினால் ஒருநாள் எல்லாம் விழுந்த பிறகுதான் கத்தும். "அலையை ஒருபோதும் தவறவிடாத, ஒருபோதும் பொய்யாகாத" எச்சரிக்கை என்று ஒன்று கிடையாது. உயிர் விஷயத்தில் எண்ணைக் குறைத்து வைப்பதுதான் நியாயம். அப்படியானால் பொய்யாகப் போகும் எச்சரிக்கைகள் அந்த அமைப்பின் குறை அல்ல, அதன் விலை. ராத்திரி போன் கத்தினால் எனக்குத் தூக்கம் போகும், சம்பளம் போகாது. மறுநாள் தாமதமாக வரலாம். விலையை நான் உணர்வதே இல்லை.

2012 ஏப்ரல் 11 மதியத்துக்கு மறுபடி போவோம். ரோட்டில் வந்து நின்ற அலுவலகக்காரருக்கு அன்றைய சம்பளம் அப்படியே இருக்கும். மெரினாவில் சுண்டல் விற்பவர் அன்றைக்கு அவித்ததை அன்றைக்கே விற்றாக வேண்டும். கடலுக்குப் போகிறவர் வலையையும் படகையும் அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும், போகாத நாளுக்குக் கூலி கிடையாது. ஒரே மைக், ஒரே வாக்கியம், ஆளுக்கு ஒரு விலை. யாருக்கு விலை குறைவோ அவர்தான் "எச்சரிக்கையா இருக்கறது நல்லதுதானே" என்கிறார். யாருக்கு அதிகமோ அவர் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கை நாம் அறியாமை என்று பெயர் வைத்து அழைக்கிறோம்.

திருப்பூரில் கடல் கிடையாது. ஆனால் இந்தக் கணக்கு நன்றாகப் புரிகிற ஊர் அது. டெல்டாவிலிருந்தும் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்தும், இப்போது ஒடிசா, பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் நிறைந்த ஊர். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு நேரம் என்பது கடிகாரத்தில் இல்லை, பீஸில் இருக்கிறது. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் இத்தனை பீஸ், சனிக்கிழமை சம்பளத்தில் இவ்வளவு. பையர் ஆடிட்டுக்காகத் தீயணைப்புப் பயிற்சி என்று மணி அடித்தால் எல்லோரும் வரிசையாக வெளியே போய் நிற்பார்கள், போட்டோ எடுக்கப்படும். அந்த இருபது நிமிடத்தில் தைத்திருக்கக்கூடிய பீஸுக்குக் கணக்கு யாருடையது? ஷிப்ட் சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வியே வராது. பீஸ் ரேட்காரருக்கு மணி அடிக்கும்போதே வரும். நாளைக்கு நிஜமாகவே புகை வரும்போதும், "இந்தக் கட்டை முடிச்சுட்டுப் போயிரலாம்" என்று ஒரு கை ஒரு நொடி தயங்கினால் அந்தத் தயக்கத்தைத் தைத்தது யார்?

இதன் கொடூரமான வடிவத்தை ஆடைத் தொழில் பார்த்திருக்கிறது. 2013 ஏப்ரல் 23 அன்று டாக்காவுக்கு அருகே சாவாரில், ரானா பிளாசா கட்டிடத்தில் விரிசல் விட்டது. பார்த்த பொறியாளர் ஆபத்து என்று சொன்னார். அதே கட்டிடத்தில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மறுநாள் காலை வங்கி ஆட்கள் வரவில்லை. மேல் மாடிகளில் இருந்த ஆடைத் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் வராது என்று மிரட்டியதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஒன்பது மணிக்கு முன்பாகக் கட்டிடம் விழுந்தது. 1,134 பேர் செத்தார்கள். எச்சரிக்கை இருந்தது. விரிசல் எல்லோர் கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஆனால் வங்கி ஊழியருக்கு அந்த எச்சரிக்கையைக் கேட்கும் வசதி இருந்தது, டெய்லருக்கு இல்லை. இவர்களிடம் போய் "சொல்லியும் கேக்கல" என்று சொல்ல முடியுமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. உயிர் அவருடையது, காப்பாற்றப்படுவது அவர்தான், அதற்கான விலையை அவரே கொடுப்பதில் என்ன தப்பு? பஞ்சு குடோனுக்கு இன்சூரன்ஸ் எடுக்கும் முதலாளி பிரீமியத்தை அவர்தானே கட்டுகிறார்? வருடக் கடைசியில் தீப்பிடிக்கவில்லை என்பதற்காக ஏமாந்துவிட்டதாக அவர் நினைப்பதில்லையே?

உவமை சரிதான், ஆனால் பாதிதான். குடோன் முதலாளி எவ்வளவு பிரீமியம் கட்டுவது என்று பார்த்து முடிவு செய்கிறார். கட்டினால் அவர் வீட்டில் அன்றைக்கு உலை வைப்பது நிற்காது. சுனாமி எச்சரிக்கையில் அந்த எண்ணை, எந்த அளவில் மைக் கத்த வேண்டும் என்பதை, வைப்பது இன்னொருவர். "எதற்கும் இருக்கட்டும்" என்று குறைத்து வைப்பது சரி என்று நாமே சொன்னோம். ஆனால் நான் எண்ணைக் குறைக்க, அதன் விலையை இன்னொருவர் கட்டுகிறார் என்றால், அந்தக் கட்டணத்தில் எனக்கும் பங்கு இருக்க வேண்டும். பங்கு இல்லாதவரை அது அக்கறை இல்லை, வெறும் உத்தரவு. இன்னொன்று, ஓடுகிறவர் தன் உயிருக்காக மட்டும் ஓடுவதில்லை. பத்துப் பேர் நம்பி எழுந்தால்தான் பதினோராவது ஆள் எழுவார். ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடுகிறவர் அடுத்த எச்சரிக்கையையும் உயிரோடு வைத்திருக்கிறார். அது பொதுச் சொத்து, தனியாள் கணக்கில் எழுதக் கூடாது.

இப்படிப் பங்குபோட முடியுமா என்றால், முடியும் என்பதற்கு உதாரணம் அதே ரானா பிளாசாவுக்குப் பிறகு கிடைத்தது. 2013 மே மாதம் பெரிய ஆடை பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் பங்களாதேஷ் அக்கார்டு என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பாதுகாப்பில்லை என்று பட்டால் சம்பளம் இழக்காமல் வேலையை மறுக்கும் உரிமை அதில் இருந்தது. பழுது பார்க்கத் தொழிற்சாலையை மூடினால் ஆறு மாதம் வரை சம்பளம் நிற்கக் கூடாது என்றும் இருந்தது. தயங்காமல் வெளியே வா, அதற்கு நீ மட்டும் விலை கொடுக்க வேண்டாம் என்பதை ஒரு ஒப்பந்தத்தின் மொழியில் எழுதிவிட்டார்கள். இதற்கு ஆயிரத்துச் சொச்சம் உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

பணம் மட்டும் போதுமா? போதாது. உண்மையும் வேண்டும். 2010 பிப்ரவரியில் சிலி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் வானிலை நிறுவனம் மூன்று மீட்டர் அலை வரலாம் என்றது. வந்தது அதில் பாதிகூட இல்லை. மிகைப்படுத்தியதற்காக அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். மறு வருடம் மார்ச் 11 அன்று இவாத்தே கரைக்கு முதலில் சொன்னது மூன்று மீட்டர். வந்தது அதைப்போலப் பல மடங்கு. 2013இலிருந்து, மாபெரும் நிலநடுக்கம் என்றால் முதல் எச்சரிக்கையில் எண்ணே சொல்வதில்லை, "மிகப் பெரியது" என்று மட்டும் சொல்கிறார்கள். எவ்வளவு என்று இன்னும் தெரியாது, ஓடுங்கள் என்று அர்த்தம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டே அவசரப்படுத்த முடியும்.

கடைசியாக நல்லவாடு. புதுச்சேரி பக்கத்து மீனவ ஊர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராமத் தகவல் மையம் நடத்தியது. கடல் நிலவரத்தைத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவி செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊர் அந்த ஒலிபெருக்கியில் கத்தியது, ஜனங்கள் ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின.

அந்தப் போன் பொய்யாகியிருந்தால்? சாகும்வரை அவரைக் கிண்டல் செய்திருப்பார்கள். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு அவர் வந்து, அந்தக் கிண்டலை வாங்கிக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்திருப்பார். அவர் சொல்லுக்கு விலை இருந்தது, அதை அவர்தான் கட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுந்து ஓடினார்கள் என்று நினைக்கிறேன். ஒரு மாநிலம், ஒரு மையம், ஒரு கம்பெனி அப்படித் திருவிழாவுக்கு வர முடியாது. அவை வரக்கூடிய வழி ஒன்றுதான்: மைக் கத்திய நாளின் கூலியைக் கொடுப்பது, மணி அடித்த இருபது நிமிடத்தைப் பீஸ் கணக்கில் சேர்ப்பது, மறுநாள் வந்து ஏன் கத்தினோம், ஏன் அலை வரவில்லை என்று புரியும்படி சொல்வது. இதையெல்லாம் செய்த பிறகும் ஒருவர் திண்ணையை விட்டு எழவில்லை என்றால், அப்போது சொல்லலாம், சொல்லியும் கேட்கவில்லை என்று.