அம்பலம் ஏறிய சொல்

கேமரன் மலையில் கோலா தெர்லாவைக் கடந்து போகிறவர்கள் கண்ணில் படுவது தேயிலைச் சரிவும், பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்களும்தான். அங்கே ஒரு சிறு நீர்மின் நிலையமும் இருக்கிறது. தெலோம் ஆற்று நீரை மலைக்குள் சுரங்கம் வழியே பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குத் திருப்பும் திட்டத்தின் ஒரு கண்ணி அது. திருப்பிய நீர் 1963இல் கட்டி முடித்த ரிங்லெட் அணையில் தேங்கி, மீண்டும் மலையைக் குடைந்து பேராக் பக்கம் இறங்கி மின்சாரமாகிறது. ஆறு பகாங்கில் ஓடியது. வெளிச்சம் நாடெங்கும் போனது. அந்த ஆற்றங்கரைகளில் தலைமுறைகளாக வாழும் செமாய்ப் பூர்வகுடி மக்களுக்கு, ‘எங்கள் ஆற்றைத் தொடாதீர்கள்’ என்று சொல்லித் தடுக்கும் சட்ட உரிமை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

1954ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டம், அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தை மாநில அரசே திரும்ப எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. 2002இல் சாகோங் தாசி வழக்கில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், பூர்வகுடிகளின் மரபு நிலத்தில் அவர்களுக்கு உடைமை உண்டு என்று சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனால் நிலம் போன பிறகு கிடைக்கும் இழப்பீட்டைத்தான் அது உயர்த்தியது. நிலம் போகாமல் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. இழப்பீடு வேறு, இசைவு வேறு.

மறுக்கும் அதிகாரம் ஒரு பூர்வகுடி மக்களின் கையில் உண்மையிலேயே இருந்தால் என்ன நடக்கும்? கிரீன்லாந்து அதைக் காட்டியது.

ஏறத்தாழ 56,000 பேர் வாழும் அந்தத் தீவில் இனுயிட் மக்களே பெரும்பான்மை. அங்கே 2021 ஏப்ரல் 6ஆம் நாள் நடந்த தேர்தலில், இனுயிட் அத்தாகத்திகீத் என்ற கட்சி 31 இடங்களில் 12ஐ வென்று முதலிடம் பிடித்தது. தேர்தலின் மையக் கேள்வி ஒன்றே: தெற்கே நர்சாக் என்னும் சிற்றூரை ஒட்டிய குவானெர்சுயிட் மலையைத் தோண்டலாமா? அந்த மலையில் அருமண் தனிமங்கள் ஏராளம்; அவற்றோடு யுரேனியமும் தோரியமும் கலந்து கிடக்கின்றன. கட்சி ‘கூடாது’ என்றது. அதன் தலைவர் மூட்டே எகெடே பிரதமரானார். அவ்வாண்டு நவம்பரில், தாதுவில் பத்து லட்சத்துக்கு 100 பங்குக்கு மேல் யுரேனியம் இருந்தால் தோண்டத் தடை என்று 12க்கு 9 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது.

இந்த மறுப்பைக் கண்மூடித்தனம் என்று தள்ள முடியாது. கட்சி எல்லாச் சுரங்கத்தையும் எதிர்க்கவில்லை. யுரேனியத்துக்கு மட்டும் ஒரு கோடு கிழித்தது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் நினைவுகள் இருக்கின்றன. 1953இல் அமெரிக்க விமானத் தளத்துக்காகத் தூலே பகுதி இனுயிட் மக்கள் தங்கள் ஊரிலிருந்து அகற்றப்பட்டார்கள். 1968 ஜனவரியில் அதே தளத்தருகே, நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு வந்த பி-52 விமானம் உறைந்த கடல்மேல் விழுந்து நொறுங்கியது. பனியில் புளுட்டோனியம் சிதறியது. கிரீன்லாந்தை ஆளும் டென்மார்க்கின் மண்ணில் அணு ஆயுதத்துக்கு இடமில்லை என்பது அன்றைய அரசின் கொள்கை. கிரீன்லாந்தில் மட்டும் அமெரிக்காவுக்கு மறைமுகமாக இடம் கொடுத்திருந்தது என்பது 1995இல்தான் வெளிவந்தது. குவானெர்சுயிட் யுரேனியமோ டென்மார்க்கின் கனவாக இருந்தது. 1957இல் அறிவியலாளர் நீல்ஸ் போர் நேரில் அந்த இடத்துக்குப் போனார். ஆனால் 1985இல் டென்மார்க் நாடாளுமன்றம் தன் நாட்டுக்கு அணுமின்சாரமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஆளும் நாடு தனக்கு வேண்டாம் என்று சொல்லலாம், ஆளப்படும் தீவு சொல்லக் கூடாது என்றால் அதில் நீதி எங்கே இருக்கிறது?

எதிர்த்தரப்பு வாதத்துக்கும் கனம் உண்டு; அதைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. கிரீன்லாந்து அரசின் வருவாயில் ஏறக்குறைய பாதி டென்மார்க் தரும் மானியம். சுரங்க வருமானம் இல்லாமல் விடுதலை ஏது என்று, அதுவும் இனுயிட் மக்களின் கட்சியான சியுமுட் கேட்டது. 2013இல் யுரேனியத் தடையை 15க்கு 14 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் நீக்கியதும் அக்கட்சி தலைமையிலான ஆட்சிதான். பூர்வகுடி என்றாலே ஒரே குரல் என்று நினைப்பது, அவர்களை மனிதர்களாக அல்லாமல் அடையாளமாகப் பார்ப்பது. நர்சாக்கிலேயே வேலை வேண்டும் என்றவர்கள் இருந்தார்கள். இன்னொரு பக்கம், நிலக்கரி போன்ற எரிபொருள்களின் புகையால் கிரீன்லாந்தின் பனியே உருகிக்கொண்டிருக்கிறது. காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் அருமண் வேண்டும். கரி கக்காத மின்சாரத்தில் அணுவுக்கும் பங்குண்டு. உலகமே தவிக்கும்போது சில ஆயிரம் பேர் கதவைச் சாத்தலாமா?

இதே கேள்வி வேறு உருவில் தமிழகத்தில் எழுந்தது. கூடங்குளத்தை எதிர்த்து இடிந்தகரை மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2013 மே 6ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், மின்சாரம் என்ற பொதுநலன் முன்னே உள்ளூர் அச்சங்கள் நிற்கா என்ற பொருளில் தீர்ப்பளித்து உலையை அனுமதித்தது. பெரும்பான்மையின் நன்மையைத் தராசில் வைத்தால் சிறுபான்மையின் தட்டு எப்போதும் மேலேதான் நிற்கும். அதனால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு நிறுத்தாமல், எது திரும்பப் பெறக்கூடியது என்றும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் இனுயிட் அத்தாகத்திகீத் கட்சியின் நிலைப்பாடு அறத்தின் பக்கம் சாய்கிறது. மறுப்பை மாற்றிக்கொள்ளலாம். தாது எங்கும் ஓடிப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் விரும்பினால் வேறு சட்டம் இயற்றித் தோண்டட்டும். இசைவை மாற்ற முடியாது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 450 கோடி ஆண்டுகள். தோரியம்-232க்கு 1,400 கோடி ஆண்டுகள். மலையைப் பொடியாக்கி எச்சத்தைக் குளத்தில் தேக்கிய பிறகு, ‘தவறாகச் சொல்லிவிட்டோம்’ என்பதற்குப் பொருளில்லை. திரும்ப முடியாத ஒன்றைச் செய்யச் சொல்கிறவர், அதோடு வாழப்போகிறவரிடம் கேட்டாக வேண்டும். கேட்பது என்றால், ‘இல்லை’ என்ற பதிலையும் ஏற்கும் மனத்தோடு கேட்பது. அருமண் வேறு எங்கும் கிடைக்காது என்ற நிலை ஒருநாள் வந்தால் உலகத்தின் வாதம் வலுக்கும். அன்றும் அது கேட்டுப் பெற வேண்டியதே.

அந்த ‘இல்லை’க்கும் விலை வந்தது. குவானெர்சுயிட் மலையைத் தோண்டக் காத்திருந்த சுரங்க நிறுவனம், உரிமம் கொடு, இல்லையேல் 1,150 கோடி டாலர் வரை இழப்பீடு கொடு என்று நடுவர் மன்றத்துக்குப் போனது. தன் மண்ணைக் காத்துக்கொள்ள ஒரு மக்கள் கூட்டம் பணம் கட்ட வேண்டும் என்ற நிலை அநீதியானது.

பகாங் வாசகருக்கு இது தூர தேசத்துக் கதை அல்ல. கோலா தெர்லாவிலிருந்து கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கினால் ஈப்போ பக்கத்தில் புக்கிட் மேரா. அங்கே 1980களில் அருமண் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து ஊர் மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1992இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1994இல் நிறுவனம் தானே ஆலையை மூடியது. பகாங்கின் கிழக்கே கெபெங்கில், ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில் வெட்டிய அருமண் தாது 2012 இறுதியிலிருந்து பிரிக்கப்படுகிறது. தோரியம் கலந்த எச்சம் இந்த மாநிலத்திலேயே தங்குகிறது. 2025 ஜூலையில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டம் அணுசக்தியையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. உலை எங்கே, கழிவு எங்கே என்ற கேள்விகள் நாளை வரும். அவை தேடிப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஆள் குறைந்த மலையும் காடும்தான்.

2019 ஜனவரி இடைத்தேர்தலில் கேமரன் மலை தேர்ந்தெடுத்த ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்தலில் வென்று போன முதல் ஒராங் அஸ்லி, அதாவது பூர்வகுடியினர். தேசிய முன்னணியின் வேட்பாளராகப் போனவர் அவர். அவர் அங்கே போனது ஒரு தொடக்கம். ஒரு மக்களின் இசைவுக்கு அது ஈடாகாது.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம்மிடையே பழைய மொழி. அதைத் தோட்டத்து மக்களைவிட அறிந்தவர் யார்? தோட்டம் கைமாறியபோதெல்லாம் லயத்து வீட்டை விட்டுப் போகச் சொன்ன குரல் அவர்கள் காதில் இன்னும் கேட்கும். செமாய்க்காரர் திரிந்த காட்டை வெட்டித் தேயிலை நட்ட கைகளும் இந்தத் தோட்டத்து மக்களுடைய முன்னோரின் கைகளே. அந்த வகையில் ஒரு கடனும் இருக்கிறது. கேமரன் மலையில் வாக்குள்ள தமிழர்களே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிற எந்தக் கட்சியிடமும், சாலைக்கும் பள்ளிக்கும் முன்னால் இதைக் கேளுங்கள்: அணையோ அணுவோ எது வந்தாலும், அந்த மண்ணில் வாழும் ஒராங் அஸ்லி ‘வேண்டாம்’ என்றால் நிறுத்துவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.