எழுதுவித்த கட்டுரையும் அசௌரிய விரதமும்

உழவையும் ஆசிரியப் பணியையும் பெரிதும் சார்ந்திருந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் பலர் இன்று வணிக மேலாண்மை பயிலச் செல்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆயின் அப்படிப்பில் பருவந்தோறும் கேட்கப்படும் கட்டுரைகளும் திட்ட அறிக்கைகளும் எவ்வாறு உருவாகின்றன என்று நாம் வினவுவதில்லை. பணம் கொடுத்தால் அட்டை கட்டிய அறிக்கையை ஆயத்தமாகத் தரும் கடைகள் உள்ளன. இப்பொழுது கடைக்கும் போக வேண்டுவதில்லை. கணிப்பொறியே நொடியில் எழுதித் தருகிறது. "மதிப்பெண்ணுக்குத்தானே" என்று பெற்றோரும் வாளா இருந்துவிடுகின்றனர். இது வெறும் நடைமுறையா, விரதபங்கமா?

கொடுக்கப்படாத பொருளைக் கைக்கொள்வதே களவு என்பது தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். அங்ஙனமாயின், கட்டுரையை விற்றவன் மனமுவந்தே விற்றான். கணிப்பொறியோ எதனையும் இழக்கவில்லை. களவு எங்கே என்று பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? எழுத்து கொடுக்கப்பட்டதுதான். அதனைக் காட்டிப் பெறும் மதிப்பெண்ணோ அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. அஃது எழுதியவனின் உழைப்புக்கு உரியது; ஆசிரியர் ஏமாந்து வேறொருவனுக்கு அளிக்கிறார்.

இதனினும் நேராகப் பொருந்துவது சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகிய கூடலேகக் கிரியை, அஃதாவது பொய்யான எழுத்தை உண்டாக்குதல். முகப்பில் தன் பெயரை இடும் கணத்திலேயே அது நிகழ்ந்துவிடுகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றினையும் நம் ஆகமம் வினைக்கு வாயிலாகக் கூறுதலால், பணம் கொடுத்த தந்தையும் அறிந்தும் வாய்மூடியிருந்த தாயும் இதற்குப் புறம்பாகார்.

மேலாண்மை மாணாக்கர் ஆராயத்தக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று சத்யம் நிறுவனத்தின் வீழ்ச்சி. 2009 ஜனவரி 7-ஆம் நாள், 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட இருப்பு ஏட்டில் மட்டுமே உள்ளது என்று அதன் நிறுவனரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நிறுவன நல்லாளுகைக்கென அந்நிறுவனம் விருது பெற்றிருந்தது. 2015-இல் நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பொய்க்கணக்கு கூடலேகமே. அதனைக் கண்டிக்கும் கட்டுரையையே விலைக்கு வாங்கித் தன் பெயரில் அளிக்கும் மாணவனைப் பற்றி என்ன சொல்வது! பெயர் 'சத்யம்' என்றிருந்ததும் ஒரு கொடுமைதான்.

ஈண்டு ஒரு தடை எழும். பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி வாக்கியங்கள் பலவற்றை அகளங்கர் தம் ராஜவார்த்திகத்தில் வார்த்திகங்களாகவே அமைத்துக்கொண்டார். அது மட்டும் தகுமோ? தகும் என்பதே நம் துணிபு. அந்நூலைப் பயின்ற சான்றோர் மூலத்தையும் அறிவர், எவரும் ஏமாற்றப்படவில்லை. அவர் அதனால் பட்டமோ ஊதியமோ நாடவும் இல்லை. பிறர் சொல்லை எடுத்தாள்வது குற்றமன்று. மறைத்தலே குற்றம். ஆகவே மூத்தோரிடம் மொழிப்பிழை திருத்திக்கொள்வதையும், விளங்காத ஐந்தொகையைக் கணிப்பொறியிடம் கேட்டுத் தெளிவதையும் நாம் குறைகூறோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டில் பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. கணிப்பொறி புனைந்த கட்டுரை எந்நூலோடும் ஒவ்வாமல் அவ்விதிக்குத் தப்பலாம். விரதத்துக்கு விழுக்காடு இல்லை.

மதிப்பெண் குறையுமே என்னும் அச்சம் பொய்யன்று, குறையவும் கூடும். எனினும் எழுதுதற்குப் பொருள் தேடிப் பெருநகரத்து நிறுவனத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. அறுவடைக் காலத்தில் ஓர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இரண்டு நாள் நின்றால் போதும். நெல்லின் ஈரப்பதம் யார் பார்க்கிறார், விலை எவ்வாறு தீர்கிறது, உழவர் கைக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது, தராசு எப்பொழுது சோதிக்கப்பட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். குறைத்தும் கூட்டியும் அளத்தல் அசௌரிய விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று என்பதைப் பாட்டனாரிடம் கேட்டறிந்து, அதனையும் அவர் பெயர் சுட்டியே சேர்த்துக்கொள்ளலாம்.