சைவம் சரி, அளவு?



போன வருஷம் என் அப்பாவின் வலது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். இனிப்புநீர். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏன்யா, நான் வெள்ளிக்கிழமை தவறாம சைவம்தானே? ஒரு தைப்பூசம் விட்டதில்ல. எனக்கு ஏன் இப்படி?"

நான் வாயைத் திறக்கவில்லை. பதில் சொன்னால் அது என்னையும் சேர்த்துக் குத்தும்.

ஒரு மாதத்துக்கு முன்புதான் தைப்பூசத்துக்காக நானும் 21 நாள் விரதம் இருந்திருந்தேன். கறி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. ஆனால் காலையில் வெறும் வயிறு. மதியம் மலை மாதிரி சோறு. ராத்திரி அசைன்மென்ட் முடித்து 1 மணிக்கு மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். தூங்க 3 மணி. பால்குடத்தோடு பத்துமலையின் 272 படிகளில் ஏறியபோது பாதியிலேயே கண் இருட்டியது. பாட்டி வயதுள்ள ஒரு அம்மா, "மெதுவா வா தம்பி" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எதை விட்டோம் என்பதை மட்டுமே இருவரும் கணக்கு வைத்திருந்தோம். எவ்வளவு சாப்பிட்டோம், எப்போது சாப்பிட்டோம் என்று கேட்டதே இல்லை.

பகவத் கீதை ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குத் தியானம் சொல்லித் தருகிறார். அங்கேயும் சாப்பாட்டுப் பேச்சு வருகிறது. மிதமிஞ்சிச் சாப்பிடுபவனுக்கும் யோகம் கைகூடாது, பட்டினி கிடப்பவனுக்கும் கைகூடாது என்கிறார். தூக்கத்துக்கும் அதே கணக்குதான். உணவு, நடமாட்டம், வேலை, உறக்கம் எல்லாவற்றிலும் அளவு வேண்டுமாம். திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன்பு உண்டது செரித்ததா, அளவு தெரிந்து உண்கிறாயா என்பதுதான் பேச்சு.

நான் படிப்பது மெக்கானிக்கல். அதில் 'ஃபடீக்' என்று ஒரு பாடம் உண்டு. இரும்பு சுலபமாகத் தாங்கும் பாரம்தான். அதையே லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் மயிரிழை விரிசல் விழுந்து, ஒருநாள் பட்டென்று முறியும். கடைசிப் பாரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நாலு தே தாரிக், முப்பது வருஷமாக! பரம்பரையும் ஒரு காரணம்தான். அது நம் கையில் இல்லை. கிளாஸ் நம் கையில்தானே இருக்கிறது?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். அதாவது, இந்த இதழைப் படிக்கும் பலருடைய வீட்டிலும் ஓர் அப்பா இருக்கிறார்.

இப்போது அப்பா கேட்பது 'தே ஓ கோசோங்'. நான் 8 மணிக்குள் சாப்பிட்டு, 12 மணிக்குள் படுக்கிறேன். பரீட்சை வாரத்தில் தவறும், மறுபடி ஆரம்பிப்பேன். அவர் கேட்ட கேள்விக்கும் ஒருநாள் பதில் சொன்னேன்: "சாமி ஒங்கள விடலப்பா. நாமதான் அளவ விட்டுட்டோம்."

அடுத்த வேளை சாப்பிட உட்காரும்போது, கும்பிட்டுவிட்டு ஒரு நிமிடம் தட்டைப் பாருங்கள். "இது சைவமா?" என்று கேட்பதோடு, "இது போதுமா?" என்றும் கேளுங்கள். அதுவும் விரதம்தான்.