விசுவாசத்தை விட்டு விலகிய நண்பர்பால் கிறிஸ்தவரின் கடமை

விசுவாசத்தை விட்டு விலகுவோரைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘பின்வாங்கிப் போனவர்’ என்பர்; திருச்சபையில் நிலைத்திருந்து பின்னர் அதிலிருந்து திரும்பிப் போனவர் என்பது இதன் பொருள். பெயரோடு தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடும் இச்சொல்லை நண்பர் ஒருவர்மீது வழங்குமுன், அவர் எதன் பொருட்டு விலகினார் என்று கேட்பதே முறை. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலை மேற்கொண்டபோது வட ஆற்காடு, சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து அங்குக் குடியேறிய தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழ்த் தலித் மக்கள். சுரங்கத்தார் கட்டிக் கொடுத்த ‘லைன்’ வீடுகளில் கிறிஸ்தவர்களும், அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் பௌத்தம் தழுவியோரும், பொதுவுடைமைத் தொழிற்சங்கத்தினரும் அண்டை அயலாராக வாழ்ந்தனர். பண்டிதரின் ‘தமிழன்’ இதழ் 1926இல் மீண்டும் வெளிவந்ததும் அங்குள்ள சாம்பியன் ரீஃபிலிருந்துதான். சாதி இழிவிலிருந்து மீளும் வழியைத் தேடிய அம்மக்களுக்கு, மதம் மாறுவது பெரும்பாலும் மானத்தைத் தேடும் முயற்சியாகவே இருந்தது என்பதை மறந்துவிட்டு அதைத் துரோகம் என்பது பொருந்தாது.

இன்றைய விலகலுக்குச் சட்டமும் ஒரு காரணம். பட்டியல் சாதியாருக்குரிய தகுதியை 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கே வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், விடியுமுன் அங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்தில் பெங்களூர் ரயிலேறிப் பிழைக்கும் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் என்பது பிள்ளையின் கல்லூரி இடம், அரசு வேலை. அதன் பொருட்டு ஒருவர் ‘இந்து’ என எழுதிக் கொடுத்தால் அது மறுதலிப்பா, அதாவது பேதுரு செய்ததுபோல் ஆண்டவரை அறியேன் எனச் சொல்லும் பாவமா? இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகக் கூறுவது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கொன்றில் கூறியது. ஆயினும் சட்டத்தின் தீர்ப்பு வேறு, நண்பரின் தீர்ப்பு வேறு.

திருச்சபை இதை முன்பே சந்தித்திருக்கிறது. கி.பி. 250இல் ரோமப் பேரரசர் டீசியஸ், குடிகள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் எனக் கட்டளையிட்டார். எகிப்தில் கிடைத்த அத்தகைய பாப்பிரஸ் சான்றிதழ் ஒன்றில், பெற்றவரின் பெயர், தந்தை பெயர், ஊர், வயது 72, வலப்புருவத்தில் தழும்பு என்று அடையாளம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. பலியிடாமலே பணம் கொடுத்து இச்சான்றிதழைப் பெற்ற கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்களை ஒருபோதும் சேர்க்கலாகாது என்றார் ரோம் நகரக் குருவான நொவாத்தியன். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் தலைமையில் 251இல் கூடிய சங்கமோ, பலியிட்டவர்களையும் தாள் மட்டும் பெற்றவர்களையும் பிரித்தறிந்து, பின்னவர்களை மனந்திரும்புதலின்பேரில் ஏற்றுக்கொள்ள வழி வகுத்தது. டீசியஸின் கட்டளையால் கொடுமை தொடங்கியபோது சிப்ரியானே தலைமறைவாக இருந்தவர். அச்சம் எத்தகையது என அறிந்த ஒருவரின் தீர்ப்பாக இருந்ததே இதற்கு மதிப்பைத் தருகிறது.

தாளில் எழுதியது ஒன்றுமில்லை என்று சொல்வதும் நேர்மையன்று; பொய் பொய்தான். ஆனால் அப்பொய்யின் பெரும்பங்கு, சாதி ஞானஸ்நானத்தால் தீராது என நன்கறிந்தும் அப்படித் தீர்ந்துவிட்டதுபோல் எழுதப்பட்ட அந்த 1950ஆம் ஆண்டின் ஆணையைச் சேர்ந்தது. அந்தத் தெரிவைச் செய்ய நேராத கிறிஸ்தவர், செய்ய நேர்ந்தவரைக் கோழை என்னும் உரிமை அற்றவர். சுரங்கத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயால் தந்தை மூச்சுத் திணறி இறந்ததைப் பார்த்து ஜெபத்தையே கைவிட்ட நண்பருக்கும் இது பொருந்தும். அவர்முன் விவாதத்தைத் தொடங்குவது இரக்கமாகாது. மீட்டுக்கொள்ளும் தூண்டிலாக நட்பைப் பயன்படுத்துவதும் தவறு, ஏனெனில் மீன் சிக்காதபோது தூண்டில் வேறிடம் போய்விடும். தன் விசுவாசத்தை மறைக்காமலும் நண்பரின் விலகலை மறைக்கச் சொல்லாமலும் உடனிருப்பதே கிறிஸ்தவருக்கு விதிக்கப்பட்டது. ஞாயிறன்று ஆலயத்தில் நண்பர் இல்லாத இடத்தைக் கண்டு அவர் வருந்தட்டும். திங்களன்று மாரிக்குப்பம் ரயிலில் அந்நண்பருக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பதை மட்டும் நிறுத்தலாகாது.