நம்ம கதை வேற

சில வருஷத்துக்கு முன், தீபாவளி நெரிசலில், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நாங்கள் சில இளைஞர்கள் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்பதுதான் செய்தி. ஒரு அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "மகளைச் சீனப் பள்ளியில பதிஞ்சிட்டேன் தம்பி. வீட்டுக்குப் பக்கம், வேற வழியில்ல" என்றார். அவர் நகர்ந்ததும் நான் சொன்னது: "மொழிப்பற்று இல்லாத ஆளு."

இப்போது என் மகனை முதலாம் ஆண்டுக்குப் பதிவு செய்ய வேண்டிய நேரம். தமிழ்ப்பள்ளிக்குக் காலை நெரிசலில் முக்கால் மணி நேரம். சீனப் பள்ளி இரண்டு தெரு தள்ளி. மனசு சொல்கிறது, "நம்ம கதை வேற."

நான் கொள்கையை விட்டுவிடவில்லையே! 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி, நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் என்று இன்றும் மேடையில் பேசுவேன். மாணவர் எண்ணிக்கை லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டதும் தெரியும். ஆனால் என் ஒரு பிள்ளையால் பள்ளியை மூடிவிடப் போகிறார்களா? இந்தக் கணக்கைத்தான் எல்லாப் பெற்றோரும் போடுகிறார்கள்.

அந்த அண்ணன் செய்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. என் விஷயத்திலோ மழை, நெரிசல், மனைவியின் வேலை நேரம், அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் தெரிகிறது. அதனால் அவர் செய்தது அவருடைய குணம். நான் செய்யப் போவது சூழ்நிலை.

பாரதப் போரில் தருமர்கூட, பொய் பேசக்கூடாது என்ற கொள்கையைக் கைவிடவில்லை. "அசுவத்தாமன் இறந்தான்" என்பதை உரக்கச் சொன்னார், "யானை" என்பதை மெதுவாகச் சொன்னார். தரையில் படாமல் ஓடிய அவருடைய தேர் அன்றைக்குத் தரையில் இறங்கியது. "வீட்டுல தமிழ் சொல்லிக்கொடுப்போம், தேவார வகுப்புக்கு அனுப்புவோம்" என்று நான் மனைவியிடம் சொல்வதும் அந்த மெல்லிய குரல்தான். (அவள் சிரித்தாள்.)

விதிவிலக்கே கூடாது என்று சொல்லவில்லை. உண்மையிலேயே முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகையை அந்த அண்ணனுக்குக் கொடுக்க அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கும் இவன் வயசுதான். இரண்டு பேருக்குமாகச் சேர்ந்து பள்ளி வேன் பிடிக்கலாமா என்று இன்றிரவு கேட்கப் போகிறேன். துண்டறிக்கையோடு நின்ற எங்களில் ஒருவருக்கும் அந்த அண்ணனிடம் இதைக் கேட்கத் தோன்றவில்லை.